பார்வை குறைந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளி, எந்த உதவி: வடசென்னையில் இருந்துகொண்டு முடிவெடுப்பது எப்படி?

பூந்தமல்லி, ஜெமினி, அடையாறு, முட்டுக்காடு. பார்வை இல்லாத, அல்லது ரொம்பக் கம்மியாக உள்ள பிள்ளைக்கு எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் இந்த நாலில் ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். நாலும் நமக்குத் தூரம். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ குடியிருக்கிற அம்மாவுக்கு எது நல்ல இடம் என்று யோசிப்பதற்கு முன்பே தினமும் எப்படிப் போய்வருவது என்ற கவலை வந்துவிடுகிறது. அதனால் பள்ளியின் பெயரை மட்டும் வைத்து இங்கே ஒப்பிடவில்லை. பிள்ளையின் வயது, மிச்சம் இருக்கிற பார்வை, பஸ், வீட்டில் கூடப் போக ஆள் இருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை கண்ணால் படிக்குமா, விரலால் படிக்குமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய எழுத்து, உருப்பெருக்கி என்று ஏதாவது ஒன்றின் துணையோடு கண்ணால் படிக்க முடியும் என்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியே போதும், கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கும், பரவாயில்லை. விரலால்தான் என்றால் ஆரம்ப வகுப்புகளிலாவது பிரெய்லியை, அதாவது தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தை, தினமும் சொல்லிக்கொடுக்கிற இடம் வேண்டும், அது ஊரின் அந்தக் கோடியில் இருந்தாலும்.

ஆனால் பள்ளிக்கு முன்னால் ஆஸ்பத்திரி. பள்ளிக்கூட வயது வரட்டும் என்று காத்திருந்த குடும்பங்கள் இழந்தது அதிகம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்கிற ஒரு பிரச்சனை வரும். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு முதல் 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும், இன்னும் சின்னதாகப் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் ஆகும்போது இதை யாராவது சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம், அதற்கு முதல் சில வாரங்களில் செய்கிற ஆபரேஷனுக்கும் ஒரு வருஷம் கழித்துச் செய்வதற்கும் பெரிய வித்தியாசம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம், அது உயிர் விஷயம். இன்னொன்று, கைக்குழந்தைக்குக் கண் பெரிசு பெரிசாக இருந்து, எப்போதும் தண்ணீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால் அது குழந்தைக்கு வருகிற கண் நீர் அழுத்த நோயாக இருக்கக்கூடும். "கண்ணு எவ்ளோ அழகு பாரு" என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்திவிடுவார்கள்.

எங்கே காட்டுவது? அவசரம் என்றால் நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான் கிட்டே. முழுப் பரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1819இல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி அடுத்த ஸ்டேஷன் எழும்பூர், பழைய நாட்கள் மாதிரி அரை நாள் பயணம் இல்லை. கூட்டம் இருக்கும், காலை சீக்கிரம் போக வேண்டும், ஒரே நாளில் எல்லாம் முடியாது, அதைத் தெரிந்துகொண்டு போனால் எரிச்சல் பாதி குறையும். நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவிலும் காட்டலாம், அங்கே குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. என்னைக் கேட்டால் சிகிச்சையை எங்கே செய்தாலும் சரி, குறைபார்வைப் பரிசோதனை ஒன்றைத் தனியாக எங்காவது செய்துகொள்ளுங்கள். "ஆபரேஷன் முடிஞ்சுது, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் சொல்வது கண்ணைப் பற்றி. மிச்சம் இருக்கிற பார்வையை வைத்துப் பிள்ளை எவ்வளவு தூரத்தில், எந்த அளவு எழுத்தை, எந்த வெளிச்சத்தில் பார்க்கும் என்பதை அந்தப் பரிசோதனைதான் சொல்லும். பள்ளி முடிவே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். சரி செய்யக்கூடிய எல்லாம் செய்த பிறகும், கண்ணாடி போட்டும், நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்தான் பார்க்கிற அளவு) கீழே இருந்தால் சட்டப்படி பார்வையின்மை, 6/18க்கும் 3/60க்கும் இடையே என்றால் குறைபார்வை. சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழில் இருக்க வேண்டும். ஒரு கண் முழுதாகப் போய் மறு கண் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு 30 சதவீதம்தான் போடுவார்கள், அதை எதிர்பார்த்துப் போங்கள், அங்கே போய் அழ வேண்டாம். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். ஆதாரில் இருக்கிற பெயரும் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும், அப்பா பெயரின் இனிஷியல் முன்னே பின்னே போயிருந்தாலே திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆறு வயதுக்கு முன்னால் உள்ள காலத்தைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாகத் தெரிகிறது. பார்க்கிற குழந்தை கிலுகிலுப்பையைப் பார்த்துத் தவழ்ந்து போகிறது. பார்க்காத குழந்தைக்குத் தவழக் காரணமே இல்லை, அதனால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், கண்ணை விரலால் அழுத்திக்கொண்டிருக்கும், அமைதியான குழந்தை என்று பெயரும் வாங்கும். இதற்கு வழி இரண்டு. ஒன்று, ஆரம்ப நிலைப் பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைவது. இன்னொன்று, அங்கே மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போய்க் கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்வது. வடசென்னைக் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் நடக்கிற காரியம். முதல் வழியில் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டு, இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது சகஜம். வீட்டில் செய்வதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். சோறு ஊட்டும் முன் தட்டை, டம்ளரை, தண்ணீரைத் தொட விடுவது, குக்கர் விசில் அடித்தால் இது குக்கர் என்று சொல்லி ஆறிய பிறகு கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டுவது, அரிசியும் உளுந்தும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வது. பின்னால் பிரெய்லிப் புள்ளியைத் தடவப்போவது இதே விரல்தான். மூளையில் அடிபட்டுப் பார்வை குறைந்த குழந்தைகள் உண்டு, பிறந்ததும் அழாத குழந்தைகளில் இது அதிகம். அவர்களுக்குக் கண் நன்றாக இருக்கும், பார்ப்பதுதான் தடுமாறும். அசைகிற பொருள், சிவப்பு மஞ்சள் மாதிரி அழுத்தமான நிறம், சுற்றிலும் வேறு எதுவும் இல்லாத இடம், இப்படி வைத்துப் பழக்கினால் பலருக்கு நாளாக நாளாக முன்னேற்றம் தெரிகிறது.

இனி பள்ளி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ, விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை இருக்கிறது. விருப்பம் உங்களுடையது. "எங்ககிட்ட இந்தப் புள்ளயப் பாத்துக்க ஆள் இல்லம்மா, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துடுங்க" என்று ஒரு பள்ளியில் சொன்னால் அது அவர்கள் யோசனை, அவ்வளவுதான்.

பக்கத்துப் பள்ளி என்றால் மாநகராட்சிப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ. அங்கே சமக்ர சிக்ஷா என்ற அரசுக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். வருகிறார் என்று கேட்டதும் திருப்தியாகிவிடாதீர்கள். சிறப்பாசிரியர் படிப்பே குறைபாட்டு வாரியாகப் பிரிந்தது, செவித்திறன் குறைபாட்டுக்குப் படித்தவர், அறிவுத்திறன் குறைபாட்டுக்குப் படித்தவர், பார்வைக் குறைபாட்டுக்குப் படித்தவர் என்று. உங்கள் பள்ளிக்கு வருகிறவர் தங்கமானவராக இருப்பார், ஆனால் பிரெய்லி வேகமாகப் படிக்க வராதவராக இருக்கலாம். எந்தப் பிரிவில் படித்தார், வாரத்தில் எத்தனை நாள் வருவார், உங்கள் பிள்ளையோடு எவ்வளவு நேரம் உட்காருவார் என்று மரியாதையாகவே கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை பிரெய்லி கற்றுக்கொள்ளாது, பார்க்கிற பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் மட்டும் எழுத்தைக் காட்டினால் அ, ஆ முடிக்கவே எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைபார்வைப் பிள்ளையின் கதை வேறு. திருவொற்றியூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே நிறமி குறைவு, கண் கூசும். டீச்சர் நல்ல மனசோடு முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த இடத்தில் ஜன்னல் வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது, அவள் நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே இருந்தாள், கவனிக்கவே மாட்டேங்கிறாள் என்று புகார். ஜன்னலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, கூலிங் கிளாஸும் தொப்பியும் போட அனுமதித்ததும் அதே குழந்தை கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். நோட்டில் கோடு தெரியவில்லை என்று அவள் அம்மா ராத்திரி உட்கார்ந்து ஸ்கேலை வைத்துக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுத் தருகிறார், ஒரு பக்கத்துக்கு எட்டுக் கோடு. சாய்வு மேசை ஒன்று இருந்தால் புத்தகத்தோடு மூக்கை ஒட்டிக்கொண்டு கூன் போட வேண்டியதில்லை. போர்டைப் பார்க்கச் சின்னத் தொலைநோக்கி, இல்லாவிட்டால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்குவது. இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. பக்கத்துப் பள்ளியில் படித்தால் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து போகும், சேர்ந்து வரும், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வரும்போது யாரும் விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்க மாட்டார்கள். ஒரே விதிவிலக்கு, போகப் போகப் பார்வை குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், கண் தெரிகிறபோதே விரலுக்கும் பிரெய்லி பழக்கிவையுங்கள்.

முழுக்கப் பார்வை இல்லாத பிள்ளைக்கு வருவோம். காசிமேட்டில் ஒரு பையன், ஆயா மீன் விற்கிற இடத்திலேயே வளர்ந்தவன். சங்கராவா வஞ்சிரமா என்று தொட்டே சொல்வான், சில்லறையைத் தடவி எண்ணிக் கொடுப்பான், ஏமாற்ற முடியாது. "இவன் எல்லாத்துலயும் கெட்டி, இவனுக்கு எதுக்கு இஸ்கூலு" என்று ஆயா பெருமையாகச் சொல்வாள். ஒன்பது வயது வரைக்கும் ஒரு எழுத்தைத் தொட்டதில்லை. அப்புறம் சேர்த்தார்கள், கற்றுக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் ஐந்து வயதில் ஆரம்பித்தவர்களின் விரல் ஓடுகிற வேகம் வேறு. இவனைப் போன்ற பிள்ளைக்குத்தான் சிறப்புப் பள்ளி என்கிறேன். அங்கே வகுப்பில் எல்லோரும் பிரெய்லியில் படிக்கிறார்கள், ஸ்லேட்டில் ஸ்டைலஸை வைத்து வலமிருந்து இடமாகக் குத்திவிட்டுத் தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிற அந்த வித்தை அங்கே சாதாரணம். டெய்லர் பலகையில் கணக்கு, வெள்ளைக் கோலைப் பிடித்து நடக்கிற பயிற்சி, தன் துணியைத் தானே மடிப்பது, இதையெல்லாம் ஒரு சாதாரணப் பள்ளியின் டைம்டேபிளில் எங்கே நுழைப்பது?

இடங்களை ஒப்பிட்டால், பூந்தமல்லியில் அரசு பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, விடுதி, சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். பார்வைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே பூந்தமல்லியில்தான், சிறப்பாசிரியர் பயிற்சி அங்கே நடக்கிறது, அதனால் ஆலோசனை கேட்கவும் நல்ல இடம். ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர், சின்னப் பிள்ளையைத் தினம் கூட்டிப்போய் வருவது முடியாது, விடுதிதான். பெண் குழந்தைக்கு ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட். பார்வை முற்றிலும் இல்லாமல் 2015இல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வான முதல் ஆளான பெனோ ஸெஃபைன் அங்கே படித்தவர்தான், அப்புறம் ஸ்டெல்லா மாரிஸில் எல்லோரோடும் சேர்ந்து கல்லூரிப் படிப்பு. வடசென்னையிலிருந்து இந்த ஒரு பள்ளிக்குத்தான் அம்மாவோ பாட்டியோ தினம் கூட்டிப்போவதை யோசித்தாவது பார்க்கலாம். ஆண் பிள்ளைக்கு அடையாறு செயின்ட் லூயிஸ், அதுவும் விடுதி இல்லாமல் நமக்குக் கட்டுப்படியாகாது.

விடுதி என்றதும் வீட்டில் பூகம்பம் வரும். "இன்னாம்மா, கண்ணு தெரியாத கொயந்தைய யார் கைலயோ குடுத்துட்டு உனக்குச் சோறு எறங்குமா?" என்று மாமியார் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு வயதில் வீட்டைப் பிரிகிற பிள்ளைக்கு வலிக்கும், விடுதியில் பாதுகாப்பு எப்படி என்று கேட்க வேண்டியது பெற்றவர் கடமை: இரவில் யார் இருக்கிறார்கள், பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே அறையிலா, காய்ச்சல் வந்தால் யார் போன் செய்வார்கள், வார இறுதியில் வீட்டுக்கு அனுப்புவார்களா. ஒரு விடுதியில் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். ஆனால் மாமியாருக்கு நான் ஒன்று சொல்வேன், அடுத்த பதினைந்து வருஷம் வாசற்படியைத் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதும் பிரிவுதான், அந்தப் பிள்ளையை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரிப்பது. மணலி ரோட்டிலும் எண்ணூர் ரோட்டிலும் கன்டெய்னர் லாரி ஓடுகிறது, வெளியே விடப் பயம் என்பது உண்மை. கோல் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பயம் குறையும், பூட்டிவைத்தால் கூடிக்கொண்டே போகும்.

ஐந்தாவதோ எட்டாவதோ முடிந்து, பிரெய்லியும் நடையும் கைவந்த பிறகு, பிள்ளையைத் திரும்பப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுவரலாம், அதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஒருமுறை சேர்த்தால் பன்னிரண்டாவது வரை அங்கேயேதான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்படி வருகிற பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு, தலைமையாசிரியர் மூலமாக நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டுக்கே ஆசிரியர் வருகிற ஏற்பாடும் இருக்கிறது, படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளைக்கு அது சரி. பார்வை மட்டும் இல்லாத பிள்ளைக்கு அதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பார்வையோடு வேறு குறைபாடும் சேர்ந்திருந்தால் கணக்கே மாறுகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம், கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், இந்த இரண்டையும் பாருங்கள். முட்டுக்காடு நமக்கு ஊரின் மறுகோடி, அங்கே தினம் போகவேண்டாம், மதிப்பீட்டுக்கும் பயிற்சித் திட்டம் போட்டு வாங்கவும் போய்வந்தால் போதும். 1 லட்ச ரூபாய் வரை கிடைக்கிற நிரமயா மருத்துவக் காப்பீடு இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு, பார்வைக் குறைபாடு மட்டும் இருந்தால் கிடையாது.

இப்போதெல்லாம் ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது, போனே பேசுகிறதே, பிரெய்லி எதற்கு என்று. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டாக்பேக் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு அதே மாதிரி என்.வி.டி.ஏ. இலவசம், தமிழும் படிக்கும், சுகம்ய புஸ்தகாலயா என்ற ஆன்லைன் நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் வேண்டும், பத்து வயதுக்குள் பழக்கிவிடுங்கள். ஆனால் காதால் மட்டும் படித்த பிள்ளைக்கு ல, ள, ழ எங்கே வருகிறது, ன, ண, ந எங்கே வருகிறது என்று எப்படித் தெரியும்? பார்க்கிற நமக்கே தடுமாறுகிறது. எழுத்தைத் தொட்டு அறியாத பிள்ளைக்குக் கேட்க வரும், எழுத வராது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாநகரச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு போகிற துணைக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் பார்வையற்றவருக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் சலுகை. அப்பா வருமான வரி கட்டுகிறவர் என்றால் பழைய வரி முறையில் வருமானத்திலிருந்து 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிக்கலாம். கல்வி உதவித்தொகை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வரும். மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ராஜாஜி சாலைக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாள். அது ஒன்றாவது நம் பக்கம் இருக்கிறது.

குடும்பத்துக்கு உதவி என்றால் கவுன்சலிங் என்று சொல்வார்கள், கிடைத்தால் போங்கள். அதைவிட உடனே பலன் தருவது இதே நிலையில் உள்ள, உங்களைவிட நாலைந்து வருஷம் முன்னே போயிருக்கிற இன்னொரு அம்மா. எழும்பூரில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக்கொடுங்கள். எந்த டாக்டர் பொறுமையாகச் சொல்வார், எந்தப் படிவத்துக்கு எத்தனை போட்டோ, எந்த விடுதியில் சாப்பாடு பரவாயில்லை, இதெல்லாம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தகவல். கூடப்பிறந்த பிள்ளையையும் கவனியுங்கள், "தம்பிக்குக் கண்ணு தெரியாதுல்ல, நீ விட்டுக்குடு" என்பதையே கேட்டு வளர்கிற அக்காவுக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது, அது யார் மேலும் பழி போடுவதற்காக இல்லை.

பள்ளி ஜூனில் திறக்கும், ஆனால் மார்ச்சிலேயே போய்ப் பாருங்கள், விழா நாளில் வேண்டாம், சாதாரண வேலை நாளில், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில். பிள்ளைகள் தாங்களே தட்டைக் கழுவுகிறார்களா, ஆயா கையைப் பிடித்து இழுத்துப் போகிறாரா, சத்தம் போட்டுச் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிப்போய் அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து பேசி முடிவெடுங்கள்.